மணவாளக்குறிச்சி மணல் விண்தூசி ஆகுமா? எக்ஸ்கதிர் ஆய்வுக்கு ஒப்புத்தூள் செய்யும் முறை

கேள்வி இது: நாகர்கோவில் பக்கம் ஒரு கல்லூரியில் எம்.எஸ்சி. இயற்பியல் மாணவர். விண்வெளித் தூசிக்கு ஒப்பான பொருளை எக்ஸ்கதிரால் ஆராய்வது புராஜெக்ட். மணவாளக்குறிச்சிக் கருமணலை அரைத்து எக்ஸ்ஆர்டி (எக்ஸ்கதிர் விளிம்பு விளைவுப் படம்) எடுத்தால் போதுமா? போதாதென்றால், ஒரு சாதாரணக் கல்லூரி ஆய்வகத்தில் என்ன செய்ய முடியும்?

போதாது. அந்த மணலில் இருப்பவை இல்மனைட், ரூட்டைல், சிர்க்கான், கார்னெட், சில்லிமனைட், மோனசைட். எல்லாமே பூமிக்குள் நெடுங்காலம் வெந்து, நன்றாகப் படிகமான கனிமங்கள். விண்மீன்களுக்கு இடையே மிதக்கும் சிலிக்கேட் தூசி இதற்கு நேர் எதிர். அது பெரும்பாலும் மெக்னீசியமும் இரும்பும் கலந்த சிலிக்கேட்தான். ஆனால் அணுக்கள் ஒழுங்கில்லாமல், கண்ணாடி போல, படிகமற்று இருக்கும். அகச்சிவப்பு நிறமாலையில் 9.7 மைக்ரானிலும் 18 மைக்ரானிலும் அதன் பட்டைகள் வழவழவென்று அகலமாகத் தெரிவது இதனால்தான். படிகமாக இருக்கும் பங்கு 2 சதவீத அளவில்தான், அதற்கும் கீழே இருக்கலாம். துகளின் அளவோ 0.1 மைக்ரானும் அதற்குக் கீழும். கடல் மணலின் ஒரு பருக்கை அதைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் பெரிது.

அரைக்க வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் மோனசைட். அதில் தோரியம் உண்டு. கடற்கரையில் காலில் ஒட்டும் மணல் வேறு. அதையே மாவாக அரைத்து மூச்சில் இழுப்பது வேறு, ஆல்ஃபா கதிர் விடும் தூள் நுரையீரலுக்குள்ளேயே உட்கார்ந்துவிடும். தவிர, மோனசைட் அணுசக்திச் சட்டத்தின் கீழ்க் கட்டுப்படுத்தப்பட்ட பொருள். கயிற்றோடு ஒட்டிக்கொண்டு ஜெர்மனிக்குப் போன மணலில் 1909இல் அதை அடையாளம் கண்ட நாள் முதல் நம் கடற்கரைக்கு இருக்கும் பெயர் தனிக்கதை. உங்கள் புராஜெக்டுக்கு அது வேண்டாம்.

செய்ய வேண்டியது, படிகமற்ற மெக்னீசியம் சிலிக்கேட்டை நீங்களே கரைசலிலிருந்து வீழ்படிவாக எடுப்பது. இரண்டு வழிகள் உண்டு. டெட்ரா எத்தில் ஆர்த்தோசிலிக்கேட்டையும் மெக்னீசியம் நைட்ரேட்டையும் எத்தனாலில் கலந்து ஜெல் ஆக்குவது ஒன்று. சோடியம் மெட்டாசிலிக்கேட்டையும் மெக்னீசியம் குளோரைடையும் தண்ணீரில் கலப்பது மற்றொன்று. முதலாவது சுத்தமானது, ஆனால் விலை கூடுதல், நைட்ரேட்டை எரித்து வெளியேற்ற வேண்டும், பழுப்பு வாயு வரும். கல்லூரிக்கு இரண்டாவதுதான் என் தேர்வு. அதன் ஒரே தொல்லை உப்பைக் கழுவுவது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் என்ஸ்டடைட் என்ற மெக்னீசியம் சிலிக்கேட் கனிமத்தின் விகிதத்தில் செய்யுங்கள், அதாவது மெக்னீசியமும் சிலிக்கானும் ஒன்றுக்கு ஒன்று. இன்னொரு மெக்னீசியம் சிலிக்கேட்டான ஃபார்ஸ்டரைட்டின் விகிதம், இரண்டுக்கு ஒன்று, பார்க்க எளிது போலத் தோன்றும். ஆனால் அதற்குக் கூடுதலாகச் சோடியம் ஹைட்ராக்சைடு சேர்க்க வேண்டும். உபரி மெக்னீசியம் சிலிக்கேட்டில் சேராமல் தனியே ஹைட்ராக்சைடாக விழுந்துவிடும். காய்ந்த தூளின் எக்ஸ்ஆர்டி படத்தில் 18.6, 38 டிகிரியில் முகடு வந்தால் அதுதான். சுட்ட பிறகு அதுவே மெக்னீசியம் ஆக்சைடாகி 42.9 டிகிரியில் நிற்கும். (இந்தப் பதிலில் வரும் கோணங்கள் எல்லாம் தாமிரக் குழாய்க்கான 2 தீட்டா, அதாவது எக்ஸ்கதிர் நேர்வழியிலிருந்து விலகும் கோணம், அலைநீளம் 1.5406 ஆங்ஸ்ட்ராம்.)

அளவுகள்: ஒன்பது நீர்மூலக்கூறுள்ள சோடியம் மெட்டாசிலிக்கேட் 5.68 கிராம், 200 மில்லி தண்ணீரில். புட்டியில் ஐந்து நீர்மூலக்கூறு என்று போட்டிருந்தால் 4.24 கிராம்; இந்த லேபிளைப் படிக்காமல் எடை போட்டு மாட்டிக்கொள்பவர்கள் அநேகம். ஆறு நீர்மூலக்கூறுள்ள மெக்னீசியம் குளோரைடு 4.07 கிராம், இன்னொரு 200 மில்லியில். இரண்டும் 0.1 மோலார். நீர் முழுவதும் போன பிறகு கணக்குப்படி 2 கிராம் தூள் கிடைக்க வேண்டும். தண்ணீர் காய்ச்சி வடித்தது. அதையும் பத்து நிமிடம் கொதிக்கவைத்து மூடி ஆறவிடுங்கள், கரைந்திருக்கும் கார்பன் டை ஆக்சைடு போகட்டும். போர்வெல் தண்ணீர் கடைசிக் கழுவலுக்குக்கூட ஆகாது, அதன் கால்சியம் தூளில் ஏறிவிடும். சிலிக்கேட் கரைசலைப் பிளாஸ்டிக் புட்டியில் வையுங்கள். கண்ணாடியை அது அரிக்கும்.

நம் ஊரில் முதல் பிழை தராசில்தான் நடக்கிறது. மெக்னீசியம் குளோரைடு காற்றின் ஈரப்பதம் 33 சதவீதத்தைத் தாண்டினாலே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும் உப்பு. ஆனி ஆடிச் சாரலும் ஐப்பசி மழையும் என்று இரண்டு பருவமழையும் வாங்கும் மாவட்டத்தில், கடலோரக் காற்றில், 33 சதவீதம் என்பது வருடத்தில் எந்த நாளிலும் எதிர்பார்க்க முடியாத வறட்சி. புட்டியை நாலு முறை திறந்தாலே உள்ளே பாதி கஞ்சியாக இருக்கும். 4.07 கிராம் என்று நீங்கள் போடுவதில் எத்தனை தண்ணீர் என்று தராசுக்குத் தெரியாது. விளைவு, மெக்னீசியம் குறைந்து, தனிச் சிலிக்கா மிஞ்சிய தூள்.

இதற்கு மருந்து ஒவ்வொரு வேதியியல் ஆய்வகத்திலும் இருக்கிறது. நீரின் கடினத்தன்மை பார்க்கும் அதே இடிடிஏ தரம்பார்த்தல். மெக்னீசியம் கரைசலை முதலில் கொஞ்சம் கூடுதலாக, ஒரு 300 மில்லி, தயாரித்துக்கொள்ளுங்கள். அதில் 10 மில்லி எடுத்து, அம்மோனியா தாங்கல் கரைசலால் காரகாடித்தன்மை எண்ணை 10க்குக் கொண்டுவந்து, எரியோக்ரோம் பிளாக் டி ஒரு சிட்டிகை போட்டு, 0.1 மோலார் இடிடிஏ விடுங்கள். திராட்சைச் சிவப்பு நீலமாக மாறும் இடம் 8.8 மில்லி என்றால் உங்கள் கரைசல் 0.088 மோலார். அப்போது 200 மில்லிக்குப் பதில் 227 மில்லி எடுத்தால் கணக்கு நேராகிவிடும். அரை மணி நேர வேலை. இதைச் செய்யாமல் பிறகு ரீட்வெல்ட் கணக்கில் (எக்ஸ்ஆர்டி படம் முழுவதையும் பொருத்தி ஒவ்வொரு படிகத்தின் பங்கையும் காணும் முறை) மூன்று தசமப் புள்ளிகள் எழுதுவதில் பொருளில்லை.

கலக்கும்போது, நன்றாகச் சுழலும் சிலிக்கேட் கரைசலுக்குள் மெக்னீசியம் கரைசலை ஒரே மூச்சில் ஊற்றுங்கள். சொட்டுச் சொட்டாக விட்டால், முதலில் விழும் சொட்டுகள் காரத்துக்குள் தனியாக மாட்டி ஹைட்ராக்சைடாகிவிடும். ஊற்றிய உடனே இட்லி மாவுபோல வெள்ளைக் கூழ் கட்டும். ஒரு நாள் மூடி வைத்துவிட்டுக் கழுவத் தொடங்கலாம்.

இப்போது உப்பு. வினையில் சிலிக்கேட்டோடு சமையல் உப்பும் உண்டாகிறது, ஒரு மோல் சிலிக்கேட்டுக்கு இரண்டு மோல். அதைக் கழுவாமல் காயவிட்டால் உங்கள் கிண்ணம் ஒரு குட்டிப் புத்தளம் உப்பளம்தான்: 31.7 டிகிரியில் ஊசிபோல ஒரு முகடு வரும். ஃபார்ஸ்டரைட்டின் ஒரு முகடு 32.3இல் இருப்பதால், கருவி கொஞ்சம் நகர்ந்திருந்தால் உப்பையே கனிமம் என்று எழுதிவிடுவீர்கள். வடிதாளில் இந்தக் கூழ் இறங்காது, அடைத்துக்கொள்ளும். சென்ட்ரிஃபியூஜில் நிமிடத்துக்கு 4000 சுற்றில் பத்து நிமிடம் ஓட்டி, மேல்நீரைக் கொட்டி, புதுநீர் விட்டுக் கலக்கி, மறுபடி ஓட்டுங்கள். குறைந்தது ஆறு முறை. மேல்நீரில் 2 மில்லி எடுத்து ஒரு துளி நைட்ரிக் அமிலம், இரண்டு துளி வெள்ளி நைட்ரேட் விட்டால் பால்போலக் கலங்கக் கூடாது. கலங்கவில்லை என்றால் குளோரைடு போய்விட்டது என்றுதான் பொருள். சோடியம் கூழின் பரப்பில் ஒட்டிக்கொண்டு இன்னும் இருக்கலாம். கம்பியில் தொட்டுச் சுடரில் காட்டி, மஞ்சள் நிறம் எவ்வளவு அடர்த்தி, எத்தனை நேரம் நிற்கிறது என்று பாருங்கள். முடிந்தால் எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் தனிமப் பகுப்பும் எடுங்கள். மிச்சச் சோடியம் உருகுவதை எளிதாக்கும் பொருள்போல வேலை செய்து படிகமாகும் வெப்பநிலையைக் கீழே இழுத்துவிடும். பிறகு உங்கள் எண், மற்றவர்களின் எண்ணோடு ஒத்துப்போகாமல் காரணம் தெரியாது விழிக்க நேரும்.

கழுவிய கூழை 80 டிகிரியில் ஒரு நாள் உலர்த்தினால் கற்கண்டுத் துண்டுபோல இறுகும். அகேட் உரலில் ஐசோபுரப்பனால் கொஞ்சம் விட்டு அரையுங்கள். இரும்பு உரலோ பந்து அரவையோ வேண்டாம், இரும்பு ஏறும். பிறகு அலுமினா மூசையில், நிமிடத்துக்கு 2 டிகிரி வேகத்தில் 500 டிகிரி வரை ஏற்றி நான்கு மணி நேரம். வேகமாக ஏற்றினால் உள்ளிருக்கும் நீர் ஆவியாகி வெடித்துத் தூள் மூசைக்கு வெளியே சிதறும். ஃபர்னஸிலிருந்து 150 டிகிரி வாக்கில் எடுத்து நேராக டெசிகேட்டருக்குள் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்து மூடிய கலன்). இந்தத் தூளுக்குப் பரப்பு மிக அதிகம். மேசைமேல் விட்டால் சில மணி நேரத்திலேயே நீரும் கார்பன் டை ஆக்சைடும் பிடிக்கத் தொடங்கும். மழைக்காலத்தில் சிலிக்கா ஜெல் நிறம் மாறுவதைத் தினமும் பாருங்கள்.

இனி எக்ஸ்ஆர்டி. பணம் கட்டி வெளியே எடுத்தால், இயக்குநர் வழக்கமான வேகத்தில் பத்து நிமிடத்தில் ஓட்டித் தாளைக் கையில் கொடுப்பார், "ஒன்றும் வரவில்லை, மேடுதான் இருக்கிறது" என்பார். அந்த மேடுதான் உங்கள் விடை. 25க்கும் 35க்கும் இடையே, 30 டிகிரியை ஒட்டி அகலமாக எழும் மேடு படிகமற்ற மெக்னீசியம் சிலிக்கேட்டின் அடையாளம். மேடு 22 டிகிரிப் பக்கம் சாய்ந்திருந்தால் தனிச் சிலிக்கா மிஞ்சியிருக்கிறது, தராசுப் பிழையை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்று: மாதிரியை வைக்கும் தட்டு கண்ணாடி என்றால், கண்ணாடிக்கே 20 முதல் 25 டிகிரியில் ஒரு மேடு உண்டு. தூள் மெல்லிதாக இருந்தால் எக்ஸ்கதிர் ஊடுருவித் தட்டைப் படம் எடுக்கும். தட்டின் மேட்டை விண்தூசி என்று ஆய்வேட்டில் போடுவது நடக்கக்கூடிய விபத்துதான். ஆகவே வெறும் தட்டை முதலில் அதே நிலையில் ஓட்டி வைத்துக்கொள்ளுங்கள். பின்னணி எழாத சிலிக்கான் தட்டு கிடைத்தால் நல்லது. 10 முதல் 70 டிகிரி, 0.02 டிகிரி படி, படிக்கு 3 விநாடி: மொத்தம் 3000 படி, இரண்டரை மணி நேரம். இதைக் கேட்டு வாங்குங்கள். கோணச் சரிபார்ப்புக்குச் சிலிக்கான் தூளின் 28.44 டிகிரி முகடு. தூள் தட்டின் விளிம்புக்கு மேலேயோ கீழேயோ நின்றால் எல்லா முகடும் சேர்ந்து நகரும்.

அடுத்தது சுடுதல், இதில்தான் இயற்பியல் இருக்கிறது. புதுத் தூளை ஆறு பங்காகப் பிரித்து, 600, 650, 700, 750, 800, 850 டிகிரியில் தலா இரண்டு மணி நேரம். ஒரே பங்கைத் திரும்பத் திரும்பச் சுடாதீர்கள், அதன் வரலாறு கலந்துவிடும். ஃபர்னஸை முதலில் வெப்பநிலைக்குக் கொண்டுவந்துவிட்டு மூசையை உள்ளே வையுங்கள், நேரம் முடிந்ததும் வெளியே. படிகமாதல் 1000 கெல்வின், அதாவது 727 டிகிரி, சுற்றுவட்டாரத்தில் திடுமென்று வேகம் பிடிக்கும். அங்கே 20 டிகிரி வித்தியாசம் பெரிய வித்தியாசம். ஃபர்னஸின் வெப்ப இணை சுவரோரம் இருக்கும், உங்கள் மூசை நடுவில். இன்னொரு வெப்ப இணையை மூசையருகே வைத்து ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். நடுவே கரண்ட் போனால் அந்தப் பங்கைத் தூக்கிப் போடுங்கள். "ஏறத்தாழ இரண்டு மணி நேரம்" என்று எழுத வேண்டாம்.

என்ஸ்டடைட்டின் வலுவான முகடுகள் 28.1, 31.1 டிகிரி. ஃபார்ஸ்டரைட்டுக்கு 17.4, 22.9, 32.3, 35.7, 36.5. என்ஸ்டடைட் விகிதத்தில் செய்த தூளில் முதலில் ஃபார்ஸ்டரைட் எட்டிப் பார்த்தால் திகைக்க வேண்டாம். அது படிகமாவது எளிது. மீதிச் சிலிக்கா படிகமற்றே பின்னால் நிற்கும். முகட்டின் அகலத்திலிருந்து படிக அளவு வரும். 36.5 டிகிரி முகட்டின் அரை உயர அகலம் 0.4, கருவியின் சொந்த அகலம் 0.1 என்றால் மிச்சம் 0.3 டிகிரி, 0.00524 ரேடியன். ஷெரர் வாய்ப்பாட்டில் 0.9 பெருக்கல் 1.5406, கீழே 0.00524 பெருக்கல் கொசைன் 18.25 டிகிரி. விடை ஏறத்தாழ 28 நானோமீட்டர். கருவி அகலத்தைக் கழிக்க மறந்தால் 21 என்று வரும்.

எவ்வளவு படிகமாகியது என்பதற்கு, தூளில் எடைப்படி 20 சதவீதம் கொரண்டம் (படிக அலுமினா) கலந்து ரீட்வெல்ட் பொருத்துங்கள். மென்பொருளுக்குப் படிகம் மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும். அது கொரண்டம் 50, ஃபார்ஸ்டரைட் 50 என்று சொன்னால், உண்மையில் கொரண்டம் 20 என்பதால் ஃபார்ஸ்டரைட்டும் 20தான். மிச்சம் 60 படிகமற்றது. கொரண்டத்தை நீக்கிப் பார்த்தால் உங்கள் தூளில் கால்பங்கு படிகம், முக்கால்பங்கு கண்ணாடி.

இந்தப் பட்டியல் எதற்கு உதவும்? விண்வெளியின் தூசி படிகமற்றது. ஆனால் 1995இல் ஏவப்பட்ட ஐஎஸ்ஓ என்ற அகச்சிவப்பு விண்தொலைநோக்கி முதிய விண்மீன்களைச் சுற்றியும் ஹேல்-பாப் வால்மீனிலும் படிக ஃபார்ஸ்டரைட்டைக் கண்டது. 2006 ஜனவரியில் ஸ்டார்டஸ்ட் விண்கலம் வைல்டு 2 வால்மீனிலிருந்து கொண்டுவந்து சேர்த்த துகள்களிலும் படிக ஆலிவின் (ஃபார்ஸ்டரைட் சேர்ந்த கனிமக் குடும்பம்) இருந்தது. பனிக்கட்டி வால்மீனுக்குள், அடுப்பில் வெந்தாற்போன்ற கனிமம். எங்கே, எவ்வளவு வெப்பத்தில், எத்தனை நேரம் வெந்தது என்பதற்கு உங்கள் ஃபர்னஸ் எண்கள் ஒரு படிக்கல்.

இரும்பு சேர்க்க ஆசை வரும், விண்தூசியில் இரும்பு உண்டே. முதல் புராஜெக்டில் வேண்டாம் என்பேன். காற்றில் சுட்டால் இரும்பு ஹெமடைட் என்ற ஆக்சைடாகிப் பிரியும், அதன் 35.6 டிகிரி முகடு ஃபார்ஸ்டரைட்டின் 35.7மேல் உட்கார்ந்துகொள்ளும், 33.15இல் ஒன்று இருக்கிறதா என்று பார்த்துத்தான் பிரித்தறிய முடியும். அதோடு தாமிரக் குழாயின் 8.05 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் கதிர், இரும்பின் 7.11 விளிம்புக்கு (எந்த ஆற்றலைத் தாண்டினால் ஒரு தனிமம் எக்ஸ்கதிரைத் திடீரென்று அதிகம் உட்கவர்கிறதோ அது) மேலே இருப்பதால் இரும்பு தானே ஒளிர்ந்து பின்னணியைத் தூக்கிவிடும், உங்கள் மேடு அதில் முழுகிவிடும். கோபால்ட் குழாய் 6.93 என்பதால் தப்பும்.

மேட்டுக்குள் என்ன இருக்கிறது, ஒரு சிலிக்கான் அணுவுக்கு அடுத்த அணு எத்தனை தூரத்தில் என்று கேட்டால், தாமிரக் குழாய் கைவிரித்துவிடும். அணுச்சோடிப் பரவல் கணக்கிட இன்னும் சிற்றலைநீளம் வேண்டும்: மாலிப்டினம் அல்லது வெள்ளிக் குழாய், அல்லது சிங்க்ரோட்ரான் (எலெக்ட்ரான்களை வளையத்தில் சுழற்றி வலுவான எக்ஸ்கதிர் தரும் பெரிய கருவி). கிடைத்தால் சிலிக்கான்-ஆக்சிஜன் 1.62 ஆங்ஸ்ட்ராமிலும் மெக்னீசியம்-ஆக்சிஜன் 2.0, 2.1 சுமாரிலும் தனித்தனியே எழும். இந்தூரில் 2.5 ஜிகா எலெக்ட்ரான் வோல்ட் சிங்க்ரோட்ரானான இண்டஸ்-2 இருக்கிறது, தூள் விளிம்பு விளைவுக்கும் எக்ஸ்கதிர் உட்கவர்தலுக்கும் தனி வழிகள் உண்டு; உங்கள் பேராசிரியர் வழியாக விண்ணப்பிக்க வேண்டும். உட்கவர்தல் வேலை இன்னொரு வகையில் சுவையானது. 1999இல் ஏவப்பட்ட சந்திரா, எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கிகள் எக்ஸ்கதிர் இரட்டை விண்மீன்களின் ஒளியில், சிலிக்கானின் 1.84 கிலோ எலெக்ட்ரான் வோல்ட் விளிம்பைப் பார்க்கின்றன. இடையில் இருக்கும் தூசி அந்த விளிம்பில் நுண்ணிய மேடுபள்ளங்களைப் பதிக்கிறது. அது எந்தத் தூசி என்று சொல்ல, ஆய்வகத் தூளின் விளிம்பைப் பக்கத்தில் வைத்துத்தான் ஒப்பிட முடியும்.

கடைசியாக, செலவில்லாத ஒரு கிளை. மெக்னீசியத்துக்குப் பதில் கால்சியம் குளோரைடு போட்டு இதே முறையில் ஒரு தூள் செய்யுங்கள். என்ஜிசி 6302 என்ற கோள்வடிவ நெபுலாவில் 2002இல் கார்பனேட் இருப்பதாக அறிவிக்கப்பட்டது. கார்பனேட் உண்டாகத் திரவநீர் வேண்டும் என்பதே பாடம். நெபுலாவில் ஏது குளம்? அதனால் இங்கிலாந்தின் டைமண்ட் சிங்க்ரோட்ரானில் படிகமற்ற சிலிக்கேட் தூளைக் கார்பன் டை ஆக்சைடு அழுத்தத்தில் சூடாக்கிக்கொண்டே எக்ஸ்கதிரால் பார்த்து, நீரின்றி வாயுவிலேயே கார்பனேட் வளர்வதைப் பதிவு செய்தார்கள். உங்களிடம் அழுத்தக் கலன் இல்லை. ஆனால் தூளைத் தட்டில் மெல்லிதாகப் பரப்பி, தூசி விழாமல் மூடித் திறந்த காற்றில் வைத்து, வாரம் ஒருமுறை ஓட்டலாம். கால்சியம் கார்பனேட்டின் இரண்டு படிக வடிவங்களில் கால்சைட் 29.4 டிகிரியில் வரும், வாட்டரைட் 24.9, 27.0, 32.8இல். ஒரு கண்ணி: கால்சியம் சிலிக்கேட் கூழுக்கே 29.3 பக்கத்தில் அகன்ற முகடு உண்டு. 39.4 டிகிரியிலும் கூர்மையாக ஒன்று எழும்வரை கால்சைட் என்று எழுதாதீர்கள். ஆய்வேட்டில் இதை நெபுலா சோதனை என்றும் எழுதாதீர்கள். நம் காற்றில் நீர் இருக்கிறது, அதுதான் வேலையில் பாதியைச் செய்கிறது. அதே தூளின் இன்னொரு பங்கை டெசிகேட்டருக்குள் வைத்து அதே வாரங்களில் ஓட்டுங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எழுதினால், ஈரம் எவ்வளவு வேலை செய்தது என்று கையில் ஒரு எண்ணோடு சொல்லலாம்.